கலைஞனை உருவாக்குவது பயிற்சியே!

நடுவர் அவர்களே, இரண்டு அணியிலும் வீற்றிருக்கும் நண்பர்களே, மயிலம் முருகன் அருள் விளங்கும் இந்தக் கூட்டேரிப்பட்டில் திரண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

'கலைஞனை உருவாக்குவது இளமைப் பயிற்சியா, புரவலர் ஆதரவா?' இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் அடித்துச் சொன்னார்: "மெடிசி குடும்பம் இல்லையென்றால் மைக்கேலாஞ்சலோ இல்லை, மகாராஜா இல்லையென்றால் ரவிவர்மா இல்லை." ஐயா, இது ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். சந்தையில் பணத்தை எண்ணிக் கொடுப்பவர் ஒருவர். குட்டியிலிருந்து தழை ஒடித்துப் போட்டு வளர்த்தவர் வேறொருவர். வாங்கினவரே வளர்த்தார் என்று சொன்னால் இந்த ஊரில் ஒத்துக்கொள்வார்களா? (சிரிப்பு, கைதட்டல்)

முதலில் மைக்கேலாஞ்சலோ. 1488-இல், 13 வயதில், பிளாரன்ஸ் நகரத்து ஓவியர் கிர்லாண்டாயோவின் பட்டறையில் சேர்ந்தார். லொரென்சோ மெடிசி அவரைத் தம் மாளிகைக்கு அழைத்துக்கொண்டது அதற்குப் பிறகு. லொரென்சோ தேடியதே கிர்லாண்டாயோவிடம் படித்த நல்ல மாணவர்களைத்தான். ஆக, புரவலரே வாத்தியார் வீட்டு வாசலில் போய்த்தான் நிற்கிறார்!

1492-இல் லொரென்சோ இறந்துபோனார். அவர் மகன் பியரோ என்ன வேலை கொடுத்தார் தெரியுமா? 1494-இல் பிளாரன்ஸில் பனி கொட்டியது. அந்தப் பனியில் ஒரு சிலை செய்யச் சொன்னாராம்! வெயில் வந்தது, சிலை போச்சு. (சிரிப்பு) புரவலரை மட்டும் நம்பினால் கலை அப்படித்தான் கரையும். ஆனால் 1508-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ், சிஸ்டைன் கோயில் கூரையில் படம் தீட்டச் சொன்னார். "நான் சிற்பி" என்று தயங்கியவர், 4 வருஷத்தில் முடித்துக் காட்டினார். ஈரச் சுண்ணாம்பின் மேல் வண்ணம் வைக்கும் அந்த வித்தையை அவர் முதலில் எங்கே பார்த்தார்? 20 வருஷத்துக்கு முன்னால், கிர்லாண்டாயோவின் பட்டறையில்!

இப்போது நம்ம பக்கம் வருவோம். ரவிவர்மா 1848-இல் கிளிமானூரில் பிறந்தார். சின்ன வயதில் சுவரெல்லாம் கரியால் படம் போட்டார். நம்ம வீட்டில் என்ன செய்வோம்? முதுகில் ரெண்டு போடுவோம். (சிரிப்பு) அவருடைய மாமா ராஜராஜ வர்மா அடிக்கவில்லை; உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1862-இல், 14 வயதில், அந்த மாமாவே திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார்.

மகாராஜா ஆயில்யம் திருநாள் ஆதரித்தார். நான் மறுக்கவில்லை. தங்க இடம் கிடைத்தது, சோறு கிடைத்தது. தைல வண்ண வித்தை கிடைத்ததா? அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்துவிட்டார். மகாராஜாவின் நிழலில் இருந்தும் கதவு திறக்கவில்லை! அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை என்ற தமிழர்தான், குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து சொல்லிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868-இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரோ, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும்தான் விட்டார். பழகிய கண்ணுக்குப் பார்த்தாலே போதுமே! 1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம், அதே ஆண்டு வியன்னாவில் பரிசு.

"அரண்மனைக்குப் போனதால்தானே ஆறுமுகம் பிள்ளை கிடைத்தார்?" என்று எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்வி. இலை போட்டது அரண்மனை. சோறு போட்டது ஆறுமுகம் பிள்ளை. வெறும் இலையைப் பார்த்துப் பசி ஆறுமா? (கைதட்டல்)

1880-இல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். அடுத்து வந்தவரிடம் அந்த நெருக்கம் இல்லை. எதிரணிக் கணக்குப்படி ரவிவர்மா கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா? பரோடா மன்னர் சாயாஜிராவ் அழைத்தார். அவருக்காக 14 புராணப் படங்கள் பிறந்தன. 1894-இல் பம்பாயில் சொந்த அச்சகம். அதிலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண ஜனங்களின் வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். திருவிதாங்கூர் போய் பரோடா வந்தது. பரோடாவுக்குப் பிறகு பொதுஜனம் வந்தது. புரவலர் மாறிக்கொண்டே இருந்தார். கை மட்டும் மாறவில்லை. அந்தக் கையைப் பழக்கியவர்கள் ஒரு மாமாவும் ஓர் ஆறுமுகம் பிள்ளையும்!

நடுவர் அவர்களே, இது வெறும் பழங்கதை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லை. (சிரிப்பு) புரவலர்தான் எல்லாம் என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னால், இதோ முன்னால் மண்ணில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு என்ன சொல்வோம்? "ராஜா வருகிற வரை காத்திரு" என்றா? ராஜாக்கள் காலம் போய்விட்டது. ஓர் ஓவிய வாத்தியார் வரலாம். ஒரு தாய்மாமன் பென்சில் வாங்கித் தரலாம். அது நம் கையில் இருக்கிறது.

ஆகவே, கலைஞனை உருவாக்குவது இளமைப் பயிற்சியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)