தண்டவாளம் தந்த கடைவீதி

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டுராங்கோ, இருப்புப்பாதை ஈன்ற சிற்றூர். டென்வர்–ரியோ கிராண்ட் கம்பெனியார் விதித்த நிபந்தனைகளுக்கு அனிமாஸ் சிட்டி என்னும் பழைய ஊர் இணங்கவில்லை. ஆகவே, அதற்குத் தெற்கே ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் 1880-இல் அவர்கள் புதிய ஊரை வகுத்தனர். வணிகரும் அங்கே குடிபெயர்ந்தனர்.

புகைவண்டி நிலையத்தை ஒட்டிப் பெரிய கடைவீதி எழுந்தது. 1882-இல் சில்வர்ட்டன் சுரங்கங்கள் வரை 45 மைல் குறுகிய பாதை நீண்டது. வெள்ளித்தாது உருக்காலைக்கு இறங்கிற்று; உணவும் துணியும் கருவிகளும் மலையேறின. 1889-இல் ஊரின் நடுப்பகுதியைத் தீ அழித்தபோதும் வணிகர் மீண்டும் கட்டிக்கொண்டனர். வண்டி வந்துகொண்டிருந்ததே காரணம்.

சுரங்கத்தொழில் நலிந்தபின், 1960-களின் தொடக்கத்தில் அப்பாதையைக் கைவிடக் கம்பெனியார் அனுமதி வேண்டினர். மாநிலங்களிடை வணிக ஆணையம் மறுத்துவிட்டது. தாது சுமந்த பாதையில் இன்று நீராவி வண்டி சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கிறது. 1887-இல் கட்டிய ஸ்டிரேட்டர் விடுதியில் அவர்கள் தங்குகின்றனர். பழைய வீதியில் வாணிகம் நடைபெறுகிறது.

இரயிலை நம்பி வளர்ந்த ஊர்களில் வாழும் நம்மவரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். கட்டடங்களைக் காக்க விரும்புவோர், அவற்றிற்கு ஆட்களைக் கொணரும் வழியை முதலில் காத்தல் வேண்டும்.