அதிசய மனிதர் ஜி.டி. நாயுடு
(பரிசளிப்பு விழாவில் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

வேலை முடிந்து அவசரம் அவசரமாகக் குளித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தோட்டத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, இன்று பரிசு பெறப்போகும் செல்வங்களே, பரிசு பெறாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் செல்வங்களே!

அந்தப் பின்வரிசையில்தான் நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருடம் இந்தப் பள்ளியில் படித்தேன். ஒரு தடவைகூட மேடை ஏறிப் பரிசு வாங்கியதில்லை. நாள் தவறாமல் பள்ளிக்கு வந்தவர்களுக்கு என்று ஒரு பரிசு கொடுப்பார்கள். அதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் இந்தத் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். ஆற்றங்கரையில் என்னைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் சிலர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். இன்றைக்கு ஆண்டவன் புண்ணியத்தில் பட்டணத்தில் சொந்தமாக ஒரு லாரிப் பட்டறை வைத்துப் பிழைக்கிறேன். அதனால்தான் என்னையும் மதித்து மேடையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் பேச்சாளன் அல்ல. ஆனால் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்கவே வந்தேன். சென்ற மாதம் இரண்டாம் படிவம் படிக்கும் ஒரு பையன் என் பட்டறைக்கு வந்து நின்றான். "மாமா, நான் பள்ளிக்கூடத்த விட்டுட்டு இங்கயே வேலைக்கு வந்துர்றேன்" என்றான். "ஏண்டா, அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அதற்கு அவன், "நீங்கதானே சொன்னீங்க, நாயுடு மூணாங் கிளாஸ்கூட ஒழுங்கா முடிக்கலன்னு. அவரு பெரிய ஆளா வரலையா?" என்று ஒரு போடு போட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டறையில் ஓய்வு நேரத்தில் பையன்களுக்கு நான் ஜி.டி. நாயுடு கதை சொல்வது உண்டு. பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, மீதியைச் சொல்லாமல் விட்ட குற்றம் என்னுடையதுதான். அந்தப் பையனின் தகப்பனார் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். ஆகவே முழுக் கதையையும் உங்கள் எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு, 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் என்றால் அவருக்கு வேப்பங்காய். அடித்த வாத்தியார் மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினார் என்று சொல்வார்கள். (பிள்ளைகள் சிரிக்கிறீர்கள். நம் பள்ளியில் யாரும் இதை முயன்று பார்க்க வேண்டாம்.) படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனால் தோட்டத்துக் காவலுக்கு அனுப்பியபோது, தமிழ்ப் புத்தகங்களைத் தானே எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். பள்ளியை விட்டாரே தவிரப் படிப்பை விடவில்லை. இதுதான் நான் பையன்களுக்குச் சொல்லாமல் விட்ட முதல் செய்தி.

அந்தக் காலத்தில் லங்காஷயர் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்த வட்டாரத்தைச் சுற்றி வருவார். மாடு இல்லை, குதிரை இல்லை, ஒரு வண்டி தானாகவே ஓடுகிறது! அதைப் பார்த்த நாளிலிருந்து இளைஞருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. கிராமத்தை விட்டுக் கோயம்புத்தூர் போனார். ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எச்சில் இலை எடுக்கும் இடத்தில் நின்று காசு சேர்த்தார். பிறகு அந்த அதிகாரியிடமே போய், அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார்? ஊரைச் சுற்றினாரா? அக்கு அக்காகக் கழற்றிப் போட்டார். எந்தச் சாமான் எதற்கு இருக்கிறது என்று பார்த்தார். மறுபடியும் பூட்டினார். அதுதான் அவருடைய பொறியியல் கல்லூரி. நம் பிள்ளைகளும் இப்போது மோட்டார் வாங்குகிறார்கள். எதற்கு வாங்குகிறார்கள் என்று பெற்றோர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அதன் பிறகு திருப்பூரில் பஞ்சு அரைக்கும் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல லாபம். கையில் பணம் சேர்ந்ததும் பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் பெரிய மனிதர்களோடு மோதினார். போட்ட பணம் போய்விட்டது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார். முதலாளியாக இருந்தோமே, இனி எப்படி இன்னொருவரிடம் கைகட்டி நிற்பது என்று அவர் நினைக்கவில்லை. கோயம்புத்தூரில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயரிடம் போனார். ஸ்டேன்ஸ் துரை இவருடைய கைத்திறனையும் நாணயத்தையும் அறிந்து, ஒரு பஸ் வாங்கக் கடனுதவி செய்தார்.

1920-ஆம் ஆண்டு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த ஒற்றைப் பஸ் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய நாற்பது மைல் பாதை. முதலாளியே டிரைவர். வண்டி நின்றுபோனால் அவரே அடியில் படுத்துச் சரி பண்ணுவார். பழனி முருகனைத் தரிசிக்கப் போன எத்தனையோ ஏழை சனங்கள் அந்தப் பஸ்ஸில் போயிருப்பார்கள்.

ஒற்றைப் பஸ் பல பஸ்ஸானது. சிறு முதலாளிகள் பலரைச் சேர்த்துக்கொண்டு யு.எம்.எஸ். என்ற நிறுவனத்தை நடத்தினார். 1930-களின் தொடக்கத்தில் அதில் இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடின. நேரம் தவறாமை அவருக்கு உயிர். டிக்கெட் அடிக்க ஒரு கருவி, எஞ்சினில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு கருவி என்று வேலைக்கு வேண்டியதையெல்லாம் தாமே செய்துகொண்டார்.

பணம் வந்ததும் வீட்டில் உட்கார்ந்து சாய்வு நாற்காலியில் ஆடவில்லை. உலகம் சுற்றக் கிளம்பினார். ஐரோப்பா, அமெரிக்கா என்று போன இடத்திலெல்லாம் தொழிற்சாலைகளுக்குள் புகுந்து பார்த்தார். 1936-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறந்தபோது லண்டனில் நடந்த இறுதி ஊர்வலத்தைத் தம் கேமராவிலேயே படம் பிடித்தார். கலங்கல் கிராமத்து மூன்றாம் வகுப்புப் பையன் அந்தக் கூட்டத்தில் கேமராவோடு நின்ற காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஊர் திரும்பியவர் சும்மா இருந்தாரா? பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த சவரக் கத்தி ஒன்றைச் செய்தார். 'ரசந்த்' என்று பெயர். மின்சாரம் இல்லாத கிராமத்துக்கு மண்ணெண்ணெயில் ஓடும் காற்றாடி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம், இப்படிப் பட்டியல் நீளும். 1937-இல் பீளமேட்டில் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே முதலாவதாகச் செய்யப்பட்டது என்று அதைச் சொல்வார்கள். பின்னாளில் கோயம்புத்தூர் பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊராக ஆனது என்றால், அதற்கு அன்று போட்ட விதையும் ஒரு காரணம்.

எல்லாம் வெற்றிதான் என்று எண்ணிவிடாதீர்கள். தேர்தலில் நின்று தோற்றார். 1941-இல், 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952-இல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் காரைச் செய்து காட்டினார். ஏழையும் கார் ஓட்டட்டும் என்பது அவர் ஆசை. உரிமம் கிடைக்காததால் தொழில் நின்றது. வரிக்கொடுமை என்று கோபப்பட்டு, தாம் செய்த பொருள்களையே பலர் முன்னிலையில் உடைத்துக் காட்டிய ஆள் அவர். அந்தக் கோபம் சரியா தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், உடைக்காமல் நாலு பேருக்குக் கொடுத்திருக்கலாம் என்பேன். யார் சொன்னாலும் கேட்காத பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதம்தான் அவரை ஏற்றியது. சில இடங்களில் இழுத்துவிட்டதும் அதுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற இந்த மனிதர், தம் செல்வத்தை எதற்குக் கொடுத்தார் தெரியுமா? படிப்புக்குக் கொடுத்தார். 1944-இல் மோட்டார்த் தொழில் பொறுப்புகளிலிருந்து விலகி, ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகையும், தம்மிடம் வேலை செய்தவர்களுக்கு நலத்திட்டங்களும் அறிவித்தார். கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்விக் கூடமும் பொறியியல் கல்லூரியும் உருவாக உழைப்பும் பொருளும் தந்தார். அந்தக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். ஆமாம், பட்டம் வாங்காதவர் கல்லூரி முதல்வர்! நாலு வருடப் படிப்பு தேவையில்லை, கைவேலையோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு வருடம் போதும் என்று வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார். அன்று அவர் பாடுபட்ட கல்லூரிதான் இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக நடக்கிறது.

1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் காலமானார். அவர் சேர்த்த கருவிகளும் செய்த பொருள்களும் கோவை அவிநாசி சாலையில் கண்காட்சியாக இருக்கின்றன. பிள்ளையும் குடும்பத்தாரும் அவற்றைக் குப்பையில் போடாமல் காப்பாற்றிப் பொதுமக்கள் பார்க்க வைத்தார்கள். ஊர் சுற்றியவர்தான், நினைத்ததைச் செய்தவர்தான். ஆனாலும் தமக்குப் பின்னால் வருகிறவர்கள் தாங்கிப் பிடிக்கும்படியான ஒரு பேரை வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதிலை இப்போது சொல்கிறேன். "தம்பி, நாயுடு பள்ளிக்கூடத்த விட்டாரு, சரி. அப்புறம் ஆயுசு பூரா படிச்சாரு. விட்டத மட்டும் நீ எடுத்துக்கிட்டா எப்படி? அவரு காலத்துல ஸ்பேனரப் பிடிக்கத் தெரிஞ்சா போதும். இப்ப லாரியில கம்ப்யூட்டர் இருக்கு. படிக்காம நீ எதைக் கழட்டப் போற?" என்றேன். தொழிற்கல்லூரியில் சேரவே மூன்றாம் படிவம் முடித்திருக்க வேண்டும். திறன் சான்றிதழ் இல்லாமல் பட்டறைக்கு வந்தால் காலம் முழுவதும் எண்ணெய் துடைக்கும் வேலைதான். இதையும் விளக்கினேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். சனிக்கிழமை காலையில் பட்டறைக்கு வந்து கை பழகலாம். மற்ற நாள் பள்ளி. ஒரு நாள் பள்ளிக்கு மட்டம் போட்டால் அந்த வாரம் பட்டறைக் கதவு திறக்காது. நாலு சனிக்கிழமை வந்துவிட்டான். பள்ளிக்கும் போகிறான்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா மாதாமாதம் பணம் கட்டி வாங்கிய ரேடியோவை, அவர் பால் மரம் வெட்டப் போன நேரத்தில் கழற்றிவிட்டேன். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அப்பா வந்து பார்த்தார். அன்று என் முதுகு தப்பாது என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "கழட்டினவன் பூட்டணும். நான் இங்கயே இருக்கேன்" என்றார். இருட்டும்வரை இருந்தார். ரேடியோ பேசவில்லை. மறுநாள் சாயங்காலமும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள்தான் கரகரவென்று பேசியது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. என் முதல் வாத்தியார் அவர்தான். இன்று அவர் இல்லை. இருந்திருந்தால் முன்வரிசையில் உட்கார வைத்திருப்பேன்.

உங்கள் பிள்ளை எதையாவது கழற்றினால் உடனே கையை ஓங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பூட்டி முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். பரிசு பெறும் பிள்ளைகளே, உங்களுக்கு என் வாழ்த்துகள். பின்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கும் என் வாழ்த்துகள். நாளைக் காலையில் எல்லாரும் பள்ளிக்கு வந்துவிடுங்கள்.