பள்ளிக்கூடத்தில் பயம் எதற்கு?

(ஆண்டிமடத்தில் பெற்றோர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கி, அந்தக் கூலியில் நோட்டு வாங்கிக் கொடுத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்புகிறவர்கள் இங்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை ஒன்று கேட்கிறேன். பிள்ளை ஒரு நாள், “இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன்” என்றால் என்ன செய்கிறீர்கள்? சிலர் இரண்டு அடி கொடுத்து அனுப்புகிறீர்கள். சிலர் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுகிறீர்கள். சிலர் மந்திரித்துக் கயிறு கட்டுகிறீர்கள். “அங்கே உன்னை யார் என்ன செய்தார்கள்?” என்று கேட்பவர் எத்தனை பேர்?

2023ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில் நடந்ததை அறிவீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனைக் கூடப் படித்தவர்களே தொல்லை செய்தார்கள். அவன் பள்ளிக்குப் போகாமல் நின்றான். காரணம் கேட்டார்கள், சொன்னான். அதற்குப் பலன் என்ன? இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். உயிர் தப்பிய அந்தப் பையன் 2024இல் பொதுப் பரீட்சையில் 600க்கு 469 மார்க் வாங்கினான். யாருக்குப் படிப்பு வராது என்று சொல்லி வந்தார்களோ, அவர்கள் வீட்டுப் பிள்ளை வாங்கிய மார்க் இது!

தோழர்களே! வெட்டிய கையும் பள்ளிக்கூடப் பையனின் கைதான். அந்தக் கைக்கு ஜாதியைச் சொல்லிக் கொடுத்தது யார்? பிறக்கும்போது எந்தக் குழந்தையும் மணிக்கட்டில் கலர் கயிற்றோடு பிறப்பதில்லை. நாம் வீட்டுத் திண்ணையில் பேசுவதைத்தான் அவன் வகுப்பில் செய்து காட்டுகிறான்.

இது இன்று வந்த வியாதியுமல்ல. அதே ஜில்லாவில் சேரன்மாதேவி குருகுலம் இருந்தது. எல்லா ஜாதியாரும் கொடுத்த பணத்தில் நடந்த அந்த இடத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்கு மாத்திரம் தனிப்பந்தி போட்டார்கள். 1925 வாக்கில் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். அன்று கேட்ட கேள்விதான் இன்றும் கேட்க வேண்டியது: பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மரியாதை உண்டா, இல்லையா?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1996இல், நமக்கு அதிக தூரமில்லாத சிதம்பரத்தில், முதல் வருஷ மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். அதன்பின் 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறை. புகார் வந்தும் நிறுவனத் தலைவர் அசட்டை செய்தால் அவரும் உடந்தை என்கிறது சட்டம். நாங்குநேரிக்குப் பின் நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஜாதியைக் காட்டும் கயிறு, மோதிரம் கூடாது. பள்ளியின் பெயரில் ஜாதி கூடாது. எழுத்து வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். மாணவர் நலனுக்கென்று தனி உத்தியோகஸ்தர் வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது.

நல்லது. ஆனால் ஏட்டில் கிடக்கும் சிபாரிசு எந்தப் பிள்ளை முதுகையும் காப்பாற்றாது. பாடம் நடத்துவதோடு பட்டியல் எழுதுகிற வேலையும் சுமக்கும் உபாத்தியாயரிடமே இதையும் கட்டினால், எல்லோருக்கும் பொறுப்பு என்று ஆகி ஒருவருக்கும் பொறுப்பில்லாமல் போகும். சம்பளம் கொடுத்து ஆள் போட வேண்டியது சர்க்கார் கடமை.

“பசங்கள் என்றால் அடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள், அது இயற்கை” என்பார்கள். இயற்கையானால் குறைக்க முடியாதல்லவா? 1982இல் நார்வே தேசத்தில் மூன்று பையன்கள், கூடப் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் தற்கொலை செய்துகொண்டார்கள். மறு வருஷமே அந்த சர்க்கார் தேச முழுவதும் இதைத் தடுக்க வேலை தொடங்கிற்று. ஓல்வேயஸ் என்ற பேராசிரியர் பெர்கன் நகரப் பள்ளிகளில் கணக்கெடுத்தார். தொல்லை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. மந்திரமா செய்தார்கள்? இடைவேளையில் பெரியவர்கள் கண்காணித்தார்கள். வகுப்பில் விதி எழுதினார்கள். அடித்தவனையும் அடிபட்டவனையும் அவரவர் பெற்றோரையும் அழைத்துப் பேசினார்கள். அவ்வளவுதான்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறேன். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அந்தக் கூட்டத்திற்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். “இங்கே ஒரு பிள்ளைக்குத் தொல்லை வந்தால் யாரிடம் சொல்லுவது? சொன்னவனை யார் காப்பாற்றுவது? எத்தனை நாளில் பதில்?” என்று கேளுங்கள், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் 14417க்கும், ஆபத்தென்றால் 1098க்கும் போன் செய்யுங்கள். தொல்லை செய்தவன் உங்கள் பிள்ளையாகவே இருந்தாலும் மறைக்காதீர்கள்; இன்று மறைத்தால் நாளை அவன் கையில் அரிவாள் இருக்கும்.

பிள்ளை கையில் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.