பெயரைப் பதிவதும் ஓர் அமானிதமே



2023 மார்ச் 9ஆம் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டு, 2025 மே 6ஆம் திகதியே நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுக் காலம், வடிகானையும் தெருவிளக்கையும் பற்றி முறையிடுவதற்குப் பிரதேச சபையில் நாம் தெரிவு செய்த உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. தாமதித்துக் கிடைத்த அவ்வுரிமையை நமது கவனயீனத்தால் இழக்கலாமா?

வாக்குரிமை, வாக்களிப்பு நிலையத்தில் தொடங்குவதன்று. வாக்காளர் இடாப்பில் தொடங்குகின்றது. 18 வயதை அடைந்த நம் மகனதும் மகளதும் பெயர்கள் அதில் உள்ளனவா? மணமுடித்துப் பொத்துவிலில் மனைவியின் இல்லத்தில் குடியேறிய மாப்பிள்ளையின் பெயர் இன்னும் அக்கரைப்பற்றிலுள்ள தாய்வீட்டு முகவரியிலேயே இருக்குமாயின், இவ்வூரின் சபையைத் தெரிவு செய்வதில் அவருக்குப் பங்கில்லை.

நாம் அளிக்கும் ஒரே வாக்கு, வட்டார உறுப்பினரைத் தீர்மானிப்பதுடன் கட்சிகளுக்குரிய ஆசனக் கணக்கிலும் சேர்கின்றது. ஆகவே, இடாப்பு மீளாய்வுக் காலத்தில் கிராம உத்தியோகத்தரைச் சந்தித்துப் பெயரை உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள்.

வாக்களிப்பது சாட்சி கூறுவதாகும். அதனை விலைக்கு விற்பதும் தகாது. கூறாமல் மறைப்பதும் தகாது. தகுதியானவரிடம் அமானிதத்தை ஒப்படைக்க அல்லாஹ் நமக்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.