முதல் வேலைக் கடிதம் வந்தால் என்ன செய்வது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீரும் லிஃப்டும் பேச வேண்டிய கூட்டத்தில் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கிய செயலாளருக்கு நன்றி. இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகள் நம் பிளாக்குகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களைவிடப் பதற்றமாக இருக்கும் அப்பா அம்மாக்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

கடிதம் வந்த ஐந்தாவது நிமிடம் "ஏற்றுக்கொள்கிறேன்" என்று பதில் போட்டுவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். "நன்றி, கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு இன்ன தேதிக்குள் பதில் தருகிறேன்" என்று அன்றே இரண்டு வரி எழுதினால் போதும். அதற்காக எந்த நல்ல நிறுவனமும் வேலையைத் திரும்பப் பெறாது. அவர்கள் கொடுத்த கெடுவை மட்டும் தாண்டக் கூடாது.

பிறகு சம்பளப் பக்கத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஆண்டுக்கு 4,20,000 என்று போட்டிருந்தால் மாதம் 35,000 என்று பாட்டிக்கு போன் செய்துவிடுகிறோம். அது 'சி.டி.சி.', கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, அதாவது மாதம் 17,500 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 2,100. பணிக்கொடைக்கு 842 போல. 'வேரியபிள்' 10 சதவீதம் என்றால் 3,500. அது வந்தால்தான் வரும். காப்பீட்டுக்கு 500 என்று வையுங்கள். மிச்சத்தில் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 2,100, தொழில் வரி கொஞ்சம். கையில் வருவது 25,750-க்குப் பக்கத்தில். பெங்களூரு விடுதி வாடகையை இந்தத் தொகையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பி.எஃப். உங்கள் பணம்தான், எங்கும் போகாது. ஆனால் அதை வைத்து மாத வாடகை கட்ட முடியாது.

அடுத்து பாண்ட். "கோர்ட்டில் நிற்காது, கையெழுத்துப் போடு" என்று சொல்லும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்னொரு பக்கம், ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி எழுதிய தொகை முழுவதும் அப்படியே கிடைத்துவிடாது, நியாயமான இழப்பீடுதான். எனவே தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம். கொடுத்துவிட்டு வராதீர்கள்.

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். நம் திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி.வி. ராமன், நிதித்துறை வேலையில் இருந்தபோது கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது. வெளிநாட்டில் பயிற்சி பெற்று வர வேண்டும் என்பது நிபந்தனை. அவர் போக மறுத்தார். நிபந்தனையைத் தளர்த்தினார்கள்; 1917-ல், குறைந்த சம்பளத்துக்குத்தான், சேர்ந்தார். நாமெல்லாம் ராமன் இல்லை, சரி. முதல் வேலையில் சம்பளத்தை ஏற்றிக் கேட்க அதிக இடமும் இருக்காது. சேரும் தேதி, ஊர், ஷிப்ட் ஆகியவற்றைக் கேட்கலாம். ஆடி மாதம் சேரக் கூடாது என்று வீட்டில் சொன்னால், ஆடியை விளக்க வேண்டாம். குடும்ப நிகழ்ச்சி என்று இரண்டு வாரம் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்டதும் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். இன்ஃபோசிஸ் 2022-ல் வேலை கொடுத்தவர்களில் சுமார் 2,000 பேர் 2024 வரை சேரும் தேதிக்குக் காத்திருந்தார்கள். 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சம் என்று சொல்லியிருந்தவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சேர முடியுமா என்று கேட்டது. பெரிய கம்பெனிகளிலேயே இப்படி. அதனால் சேரும் நாள் வரை மற்ற விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். வேறு இடத்துக்குப் போவதாக முடிவெடுத்தால், அன்றே முதல் கம்பெனிக்கு மரியாதையாக எழுதிவிடுங்கள். சேரும் நாளன்று போனை அணைத்துவைப்பது அசிங்கம். உங்கள் கல்லூரி ஜூனியர்களுக்கும் கெடுதல்.

நம் ஊர் விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் நேராகப் போகலாம் என்பதால் ஒன்று. முன்பணம் கேட்டாலோ, சுற்றுலா விசாவில் வேலைக்கு வா என்றாலோ அங்கேயே நிறுத்துங்கள். 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

கடிதத்தைச் சேர்ந்து படிக்க ஆள் வேண்டுமென்றால், ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். சம்பளத் தொகையைக் காகிதம் ஒட்டி மறைத்துக் கொண்டுவந்தாலும் சரி.