பிணிக்கு மருந்தும் துணைக்கு மனிதரும்



வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தனர். பாறையை வெட்டுவது ஒரு வேலை. வெட்டிய இடம் சரியாதவாறு முட்டுக் கொடுப்பது மற்றொரு வேலை. முட்டு பொன்னைத் தருவதில்லை. ஆயினும் முட்டின்றிப் பொன் எடுத்தவர் இலர். புற்றுநோய் மருத்துவமும் அத்தகையதே. அறுவையும் கதிர்வீச்சும் மருந்தும் நோயைத் தாக்குவன. அவற்றை நோயாளர் தாங்கி நிற்க முட்டுக் கொடுப்பது ஆதரவுச் சிகிச்சை.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், அத்துயரையே தொண்டாக மாற்றி, 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். நமக்கு அண்மையில், பெங்களூரில், கித்வாய் நினைவு நிலையம் 1973 முதல் உள்ளது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின், பிழைப்புக்காக விடியுமுன் மாரிக்குப்பம் வண்டியேறுவோர் பலர். அவர்களிடையே கையில் மருத்துவச் சீட்டுடன் அமர்ந்திருப்போரும் உளர். அவர்களுக்கு நாம் செய்யத்தக்கது யாது?

முதலாவது, வலி. நோய் வந்தால் வலியைப் பொறுத்தே ஆகவேண்டும் என்பது தவறு. வலியின் கடுமைக்கேற்ப மருந்தைப் படிப்படியாக உயர்த்தும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்தது. கடும் வலிக்கு மார்பின் உண்டு. மருத்துவர் குறித்த அளவில், குறித்த நேரத்தில் உண்பவர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் மருந்து கேட்டுப் பெறுக.

இரண்டாவது, உணவும் காவலும். கதிர்வீச்சினால் வாய் புண்பட்டவருக்குக் காரமற்ற குழைந்த சோறும் ஆறிய கஞ்சியும் ஏற்றவை. மருந்து ஏற்றிய நாட்களில் 100.4 பாகை காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க. நாட்டு மருந்து உண்போர் அதனை மருத்துவரிடம் மறையாது கூறுக. அதனை நம்பி முதற் சிகிச்சையை நிறுத்தற்க.

மூன்றாவது, மனம். புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதன்று. நோயாளருக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைக்கும் வீடு, நோயினும் கொடிய புண்ணை உண்டாக்குகிறது.

குணமாகா நிலையிலும் செய்யத்தக்கவை உண்டு. பெங்களூரில் 1999 முதல் இயங்கும் கருணாசிரயம், அத்தகையோரைக் கட்டணமின்றிப் பேணுகிறது. கோழிக்கோட்டில் 1993-இல் எழுந்த வலி தணிப்புச் சங்கத்தின் வழியே, கேரளத்தில் அண்டை வீட்டாரே பயிற்சி பெற்று நோயாளர் இல்லம் நாடிச் செல்கின்றனர்.

அன்பர்களே! அண்டை வீட்டார் என்போர் நாமன்றோ? மருத்துவச் சான்று காட்டினால் நோயாளருக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் இரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. உடன் செல்லத்தான் ஆளில்லை. இப்பந்தலை எழுப்ப எத்தனை கைகள் கூடின! அவற்றுள் பத்துக் கைகள் போதும். வாரம் ஒருவர் நோயாளருடன் வண்டியேறட்டும். மற்றொருவர் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கட்டும்.

அன்று ஆழத்தில் தோழன் தலைமேல் பாறை விழாது காத்தவர் நம் முன்னோர். இன்று நிலத்தின்மேல் அந்த முட்டினைக் கொடுப்போமாக.