இக்மிக் குக்கரும் பழஞ்சேலைக் காந்தாவும்



கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்தில் என் தங்கை மகள் புதுக்குடித்தனம் வைத்திருக்கிறாள். "பெரியம்மா, பூமியைக் கெடுக்காத அடுப்படியா இருக்கணும், ஆனா கையில காசு கம்மி" என்றாள். மூங்கில் கரண்டி, கண்ணாடி ஜாடி என்று வாங்கவேண்டிய பட்டியலும் தயாராக இருந்தது. அதை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, அந்த ஊரிலேயே பிறந்த ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சொன்னேன்.

1910-இல் இந்துமாதவ் மல்லிக் என்ற மருத்துவர் உருவாக்கியது இக்மிக் குக்கர். உயரமான ஓர் உருளை, அதற்குள் டிபன் கேரியர் போல அடுக்குகள், அடியில் கொஞ்சம் கரி. ஓர் அடுக்கில் அரிசி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் காய். கரியைப் பற்றவைத்து மூடிவிட்டு வெளியே போய்விடலாம்; ஆவியிலேயே எல்லாம் வெந்திருக்கும். தனியாகத் தங்கிச் சமைத்துக்கொண்டவர்களுக்கு அது பெரிய துணை. நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் ருக்மணி குக்கரும் இந்த வகைதான்.

அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தண்ணீர் கொதித்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையில் அரிசி சீக்கிரம் வேகாது. ஆவிதான் கூடுதலாகப் போகும். வேண்டியது, ஏறிய சூடு இறங்காமல் இருப்பது. அதற்காக இன்று கரியடுப்புக்குத் திரும்ப வேண்டாம். மூடிய அறையில் கரிப்புகை உயிருக்கே ஆபத்து.

அவள் வீட்டில் எரிவாயு அடுப்புதான். அரை மணி நேரம் ஊறிய அரிசியை மூடிபோட்ட பானையில் ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்தோம். பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த காந்தாப் போர்வை வங்காளத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. வீட்டுக்காரம்மாள் கொடுத்த ஒன்றில் பானையை, குழந்தையைப் பொதிவதுபோல் இடைவெளியில்லாமல் சுற்றி மூலையில் வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்தபோது குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. சோறு பொலபொலவென்று இருந்தது. அவளுக்குத்தான் நம்பவே முடியவில்லை.

மற்றதெல்லாம் சுலபம். பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் பாசன்வாலி அந்த ஊர்த் தெருக்களில் வருவாள். இரண்டு ஜீன்ஸுக்கும் நாலு சட்டைக்கும் ஒரு குண்டான் கிடைத்தது. பூசணித்தோல், பீர்க்கந்தோலைக்கூட வங்காளிகள் வீணாக்குவதில்லை, கறியாகவோ துவையலாகவோ ஆக்கிவிடுவார்கள்.

மசாலா அரைக்க மட்டும் மிக்ஸி வேண்டும் என்றாள். பக்கத்து வீட்டில் சும்மா கிடந்த ஷீல், அதாவது அவர்கள் ஊர் அம்மி, மழுங்கிப்போயிருந்தது. ஷீல் கொத்துகிறவர் தெருவில் குரல் கொடுத்தபடி வந்தார். உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, கல் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொத்தி, நடுவில் ஒரு மீனையும் செதுக்கிக் கொடுத்தார். அந்த மீனின் மேல்தான் இப்போது அவள் தேங்காய்த் துவையல் அரைக்கிறாள்.